துளைக்குத் திரை எதற்கு?

கையிலே ஒரு தாள். கண்ணிலே ஒரு கலக்கம். குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு வளைந்துபோன முதியவர் ஒருவர், சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அவருடைய பேத்தி நம்மிடம் எட்டாம் வகுப்பிலே படிக்கிறாள். அந்த உரிமையில் வந்தார்.

"இடுப்பிலேருந்து கால் வரைக்கும் மின்னல் மாதிரி இழுக்குது, வாத்தியார் தம்பி. படம் எடுத்தாங்க. இந்தத் தாளைக் கொடுத்தாங்க. மூணு நாளா மடியிலே வச்சுக்கிட்டுத் திரியறேன். எனக்கு என்ன வந்திருக்குன்னு ஒருத்தரும் சொல்லலே."

வாங்கிப் படித்தோம். ஆங்கிலமும் இலத்தீனும் கைகோத்து நடமாடும் நான்கே வரிகள். அவற்றின் நடுவே, அரியணையில் அமர்ந்த அரசனைப்போல வீற்றிருந்தது ஒரு சொல்: 'ஃபொராமென்'. அது குறுகிவிட்டதாம்! எது குறுகிற்று? எங்கே குறுகிற்று? குறுகினால் என்ன? கல்லூரியில் கலைப்பட்டம் பெற்று, ஊராருக்கு எழுத்தறிவிக்கும் பணியேற்ற நமக்கு, அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். "நாளை வாருங்கள், பெரியவரே, பார்த்துச் சொல்கிறோம்" என்றோம்.

அந்த மூன்று நாளும் அவர் வாளாவிருக்கவில்லை. பொருள் தெரியாத தாள் பயத்தைப் பெருக்கும். பயம் பெருகியவனைப் பிடிப்பதற்கென்றே தெருமுனையில் ஒருவர் பலகை மாட்டி உட்கார்ந்திருப்பார். சோதிடர் தாளைப் பார்க்கவில்லை, கட்டத்தைப் பார்த்தார். "எல்லாம் தலையெழுத்து; இடுப்பிலே சனி" என்றார். பரிகாரம் சொன்னார். ஒரு சேலை முழுதும் நெய்து பெற்ற கூலி அன்றே அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. தாளை எழுதியவர் ஒரு வரி தமிழில் எழுதியிருந்தால், அந்தக் கூலி அடுப்பங்கரைக்குப் போயிருக்கும்.

அன்றிரவு அகராதிகளைப் புரட்டினோம். புரட்டியபின் சிரிப்பதா சினப்பதா என்று தெரியவில்லை. இலத்தீனிலே 'ஃபொராரே' என்றால் துளைத்தல். துளைத்ததனால் உண்டானது 'ஃபொராமென்'. பன்மையில் 'ஃபொராமினா'. துளை! அவ்வளவுதான்! ஆங்கிலத் தச்சன் மரத்தைத் துளைப்பதற்கு 'போர்' என்கிறானே, ஆழ்துளைக் கிணற்றை நம் உழவரும் 'போர்' என்று சொல்லிக் கொள்கிறார்களே, அந்தச் சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்று. அஞ்சல்தலைகளைக் கிழிக்க வசதியாக ஓரத்திலே குத்தி வைத்த பொடித்துளைகளுக்கு 'பெர்ஃபொரேஷன்' என்று பெயரன்றோ? அதன் வயிற்றிலும் இதே சொல்தான் உறங்குகிறது.

உரோமாபுரியிலே இது புலவர் மட்டும் புழங்கிய சொல்லும் அன்று. கி.மு. முதல் நூற்றாண்டிலே வாழ்ந்த ஒராசு என்னும் கவிஞர், கவிதைக்கலை பற்றிப் பாடிய நெடும்பாட்டிலே, பழங்காலக் குழலில் விரல் வைக்கும் துளைகளைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கிறார். அந்தக் குழலுக்கு அவர்கள் மொழியில் பெயர் 'திபியா'. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கும் அதே பெயர். இன்றைய மருத்துவ மாணவன் மனப்பாடம் செய்து மாய்கின்ற 'திபியா'வும் 'ஃபொராமென்'னும், அன்றைய உரோமானிய இடையன் ஆடு மேய்த்துக்கொண்டே சொல்லியிருக்கக்கூடிய இரண்டு சொற்கள்: குழல், துளை. இளங்கோவின் அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், குழலின் நீளத்தையும் அதன் துளைகளையும் அளந்து சொல்கிறாரே, அவர் ஆண்ட சொல்லும் துளைதான். அங்கே துளையாக இருந்தது இங்கே துளையாகத்தான் இருக்கிறது. நடுவிலே யார் வந்து அதற்குத் திரை போட்டார்கள்?

எலும்பு என்பது கல்லன்று. அதற்குள்ளே குருதி ஓட வேண்டும். அதன் வழியே நரம்பு நுழைந்து வெளிவர வேண்டும். எங்கெங்கே குழாயும் கயிறும் சுவரைக் கடக்க வேண்டுமோ அங்கங்கே கொத்தன் துளை விடுகிறான். உடம்பிலும் அப்படியே. அந்தத் துளைகளுக்கு மேனாட்டார் இட்ட பெயர்களைத் தமிழாக்கிப் பார்த்தால், அறிவுக் கோட்டைக்குள் அகப்பட்டுக்கொண்ட தெருச்சொற்கள் அவை என்பது விளங்கும். மண்டையோட்டின் அடியிலே, தண்டுவடம் மூளையோடு சேரும் இடத்தில் உள்ளது 'ஃபொராமென் மேக்னம்', பெரிய துளை. அருகிலே 'ஒவாலே', முட்டை வடிவத் துளை. கீழ்த்தாடைக்குச் செல்லும் நரம்பு அதன் வழியே இறங்குகிறது. பக்கத்திலே 'ரொட்டுண்டம்', வட்டத்துளை. இன்னொன்று 'லாசெரம்', கிழிந்த துளை. நெற்றியெலும்பின் உட்புறத்திலே 'சீக்கம்', அதாவது குருட்டுத் துளை. பெரும்பாலும் மறுபுறம் திறக்காததால் குருடு. பிரெஞ்சுக்காரன் இன்னும் ஒருபடி இறங்கி அதை ஒற்றைக்கண் துளை என்கிறான்! இடுப்பெலும்பிலே இருப்பது 'ஆப்டுரேட்டர்', அடைக்கப்பட்ட துளை. ஒரு சவ்வு அதைப் பெரும்பாலும் மூடியிருப்பதால் அந்தப் பெயர். உடம்பிலுள்ள எலும்புத் துளைகளில் மிகப் பெரியது இதுதான். 'பெரிய துளை' என்று பட்டம் கட்டிக்கொண்டது மண்டையோட்டுக்குள் மட்டுமே பெரிது. பட்டங்களின் இயல்பு எங்கும் ஒன்றுதான் போலும்.

இவற்றிலே நம்மை மிகவும் நகைக்க வைத்தது கீழ்த்தாடையின் முன்புறத்தில், கடைவாய்ப் பற்களுக்கு முன்னுள்ள சிறு பற்களின் அடியில் அமைந்த 'மென்டல் ஃபொராமென்'. நம்மிடம் படித்து, இன்று மருத்துவக் கல்லூரியில் பயிலும் தம்பி ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தான். "இதற்குப் பொருள் என்ன?" என்று கேட்டோம். "மனம் சம்பந்தப்பட்ட துளை" என்றான். தாடையிலே ஏதப்பா மனம் என்றோம். விழித்தான். அவன் மீது பிழையில்லை. இலத்தீனிலே 'மென்ஸ்' என்றால் மனம். 'மென்டும்' என்றால் மோவாய். ஆங்கிலத்திலே இரண்டும் 'மென்டல்' என்று ஒரே உருவில் வந்து நிற்கின்றன. மோவாய்த் துளை என்று ஒரு சொல் தமிழிலே கேட்டிருந்தால், அந்தப் பிள்ளை மனத்தைத் தாடையிலே தேடியிருக்க மாட்டான். கீழுதடு மரக்கப் பல் மருத்துவர் எங்கே ஊசி போடுகிறார், ஏன் அங்கே போடுகிறார் என்பதும் அந்தச் சொல்லிலேயே அவனுக்கு விளங்கியிருக்கும். அவன் படிக்கிற கல்லூரியில் ஆசிரியர் பலர் தமிழர். மாணவர் பலர் தமிழர். மேசைமேல் கிடத்தப்பட்ட பிணமும் பெரும்பாலும் தமிழருடையதே. மொழி ஒன்றுதான் அங்கே அயலது.

"ஐயா, அறிவியல் அகில உலகுக்கும் பொது, அதன் சொல்லும் பொதுவாக இருந்தால்தானே ஒருவரோடு ஒருவர் பேசலாம்?" என்று கேட்பார் உளர். நல்ல கேள்வி. மறுக்கவில்லை. 1895இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உடற்கூற்றறிஞர் கூடி, ஒரே உறுப்புக்கு ஒன்பது பெயர் வழங்கிய குழப்பத்தை ஒழிக்க, இலத்தீனில் ஒரு பொதுப் பட்டியலை ஏற்றார்கள். 1955இல் பாரிசில் அதைத் திருத்தினார்கள். 1998இல் மீண்டும் திருத்திய பட்டியல் வந்தது. ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அவரவர் நாட்டில் என்ன செய்தார்கள்? பிரெஞ்சு மாணவனுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்த சொல் 'துரூ'. சாலையில் விழுந்த பள்ளத்துக்கும் அவன் சொல்வது 'துரூ'தான். செருமானியன் 'லொக்' என்றான்; காலுறையில் விழுந்த பொத்தலுக்கும் அவனிடம் அதே 'லொக்'. மண்டையோட்டின் பெரிய துளைக்கு அவன் சொல்வதைத் தமிழாக்கினால் 'பின்தலைத் துளை'. உருசியனுக்கும் தன் மொழிச்சொல் உண்டு. இவர்களெல்லாம் அறிவியலில் பின்தங்கிவிட்டார்களா? இலத்தீன் பெயரை மறந்துவிட்டார்களா? இரண்டும் இல்லை. இலத்தீனை உலகத்தோடு பேசுவதற்குக் கற்றார்கள்; தம் மொழியைத் தம் நோயாளியோடு பேசுவதற்கு வைத்துக்கொண்டார்கள். நம் நாட்டிலோ நோயாளியோடு பேசுவதே மருத்துவத்தின் பகுதி என்பது மறக்கப்பட்டுவிட்டது.

அடுத்து வருகிறார் மற்றொரு கூட்டத்தார். "ஆங்கிலம் வேண்டாம், சரி, ஆனால் தமிழிலே ஏது சொல்? தேவபாடையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். துவாரம் என்க, ரந்திரம் என்க" என்பார்கள். வடமொழிச் சாயம் தோய்த்த இந்திச் சொற்பட்டியல்களில் 'ரந்திரம்'தான் இந்தத் துளைக்குப் பெயராக நிற்கிறது. துவாரம் என்பதன் முதற்பொருள் வாயில், கதவு. ஆங்கிலேயனின் 'டோர்' அதற்கு உறவு. ஆக, கதவு என்னும் அயற்சொல்லைக் கடன் வாங்கி, அதற்குத் துளை என்று பொருள் சொல்லி, அந்தத் துளைக்குத் தமிழிலே சொல்லில்லை என்று கண்ணீர் வடிக்கிறார்கள்!

தமிழிலா சொல்லில்லை? துளை என்கிறோம், தொளை என்கிறோம். புழை என்றார்கள் பழம்புலவர். யானையின் துதிக்கைக்குத் துளைக்கை என்றும் புழைக்கை என்றும் பெயர் வைத்தார்கள். தூம்பு என்றார்கள். எலி வாழ்வது வளை. கிளி வாழ்வது பொந்து. பாம்பு வாழ்வது புற்று. புலி வாழ்வது முழை. குடத்தில் விழுந்தால் ஓட்டை. துணியில் விழுந்தால் பொத்தல். ஏரிக்கரையில் வைத்தால் மதகு. சுவரில் காற்றுக்கென்று விட்டால் காலதர். சல்லடைக்கும் வலைக்கும் தேங்காய்க்கும் அது கண். ஊசிக்கு மட்டும் காது! மூக்கின் மேற்கூரையில், மணமறியும் நரம்பிழைகள் நுழைவதற்கென்று பொடித்துளைகள் நிறைந்த எலும்பு ஒன்று உண்டு. கிரேக்கர் அதைச் சல்லடை போன்றது என்று பெயரிட்டார்கள். 'எத்மாய்டு' என்பதன் பொருள் அதுவே. நம் வீட்டுத் தாய்மார் ஒரு நோக்கில் சல்லடை என்றுதான் சொல்வார்கள். கிரேக்கம் படித்துவிட்டு வந்து சொல்ல மாட்டார்கள். துளை வேறு, கால்வாய் வேறு, பிளவு வேறு, குழி வேறு என்று எலும்பு நூலார் நான்காகப் பிரிப்பதற்குத் தமிழிலே நான்கு சொல்லும் இருக்கின்றன. அவற்றை எட்டாம் வகுப்புப் பெண்ணும் அறிவாள். எங்கே வறுமை? எடுத்தாள மனமில்லாதவனுடைய கையிலே வறுமை.

முயற்சிகள் நடவாமல் இல்லை. அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் கிரீன் என்னும் மருத்துவர், மானிப்பாயிலே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். 1872இல் உடற்கூற்று நூலொன்றைத் தமிழில் அச்சிட்டார். அயல்நாட்டார்; வந்தபோது தமிழறியாதவர். அவருக்கு முடிந்தது! அவர் நூலுக்கு இட்ட பெயர் 'மனுஷ அங்காதிபாதம்' என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துணைநின்ற புலமை அந்நாளைய புலமை. அது வடசொல்லையே அறிவின் ஆடை என்று எண்ணிற்று. ஆயினும் தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலே கேட்டு, தமிழிலே எழுதி, மருத்துவராய் வெளிவந்தார்கள். 1884இல் மறைந்த அவருடைய கல்லறையில், தமிழருக்கு மருத்துவத் தொண்டராய் இருந்தவர் என்னும் கருத்துப்படப் பொறித்திருக்கிறார்கள். 1916இல் சேலத்திலே தமிழ் அறிவியற் சொற்களுக்கென்று ஒரு சங்கம் கண்டவர் இராசகோபாலாச்சாரியார். எதிர்முகாமினர் என்பதற்காக அதை மறுக்க நாம் சிறுமதியினர் அல்லோம். 1938இல் நெல்லையிலிருந்து சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டனர். 1940இல் அரசு சீனிவாச சாத்திரியார் தலைமையில் குழு அமைத்தபோது, வடமொழிக்கே மீண்டும் வாயில் திறக்கப்படுகிறது என்று தமிழறிஞர் எதிர்த்து எழுந்தனர். இன்று பள்ளிப் பாடநூலில் பெருந்துளை என்னும் சொல் அச்சேறியிருக்கிறது. காதுக்குள் இருக்கும் மூன்று பொடி எலும்புகளும் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று கொல்லுப்பட்டறைப் பெயரோடு பிள்ளைகளின் வாயில் வழங்குகின்றன. பன்னிரண்டாம் வகுப்புவரை பெருந்துளையாக இருந்தது, மருத்துவக் கல்லூரியின் வாசற்படியைத் தாண்டியதும் 'ஃபொராமென் மேக்னம்' ஆகிவிடுகிறது. வாயிற்காவலன் தமிழின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறான்.

நம்மவர் சிலருக்கும் ஒரு சொல். வடசொல்லை விரட்டும் ஆர்வத்தில், எவருக்கும் விளங்காத சொற்களைச் செய்து அடுக்குகிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். துளை என்று சொன்னால் புலமைக்கு இழுக்கு என்று எண்ணி, 'என்புப்புழையம்' என்று ஏதேனும் எழுதி வைத்தால், தறிக்காரருக்கு அதுவும் 'ஃபொராமென்'தான். தமிழ் எழுத்தில் எழுதிய 'ஃபொராமென்'. பூணூல் போட்ட திரையை அகற்றிவிட்டுப் புலவர் சால்வையால் அதே இடத்தை மூடுவதற்காகவா இத்தனை போராட்டம்?

திரை போட்டு மூடியவர்களின் உள்நோக்கத்துக்கு இப்போது வருவோம். மண்டையோட்டின் அடியிலே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. முன்பின்னாக ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். கண்ணால் காணலாம், கையால் தொடலாம். சாத்திரக்காரர்கள் அதைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும், உச்சியிலே இருப்பதாகச் சொல்லும் ஒரு துளையைப் பற்றித்தான் மிகுதியும் பேசுகிறார்கள். அதன் பெயர் 'பிரமரந்திரம்'. பிரமனின் துளை! புண்ணியவானுடைய உயிர் அதன் வழியே பிரியுமாம். 'கபால மோட்சம்' என்று அதற்கொரு பெயர். சுடலையிலே மண்டையை உடைத்து ஆவிக்கு வழிவிடும் சடங்கும் அதற்காக உண்டு. வளர்ந்த மனிதனுடைய மண்டையோட்டைக் கையிலெடுத்துப் பாருங்கள், தோழர்களே! உச்சியிலே அந்தத் துளை எங்கே? சிலருக்கு நடுக்கோட்டின் இருமருங்கும் ஊசிமுனையளவில் பொடித்துளை இருக்கும், அதன் வழியே செல்வது ஒரு சிறு சிரை, ஆவியன்று.

குழந்தைக்கு உச்சிக்குழி உண்டே என்பார்கள். உண்டு. பாட்டிமார் எண்ணெய் வைப்பார்கள். நாடித்துடிப்பு அங்கே மெல்லத் தெரியும். எலும்புகள் இன்னும் வந்து சேராத இடம் அது. சவ்வு மூடியிருக்கிறது. பிறக்கும்போது தலை குறுகிய வழியிலே வெளிவருவதற்கும், பிறந்தபின் மூளை விரைந்து வளர்வதற்கும் இடங்கொடுக்கிறது. பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் எலும்பு கூடி மூடிவிடுகிறது. துடிப்பதைக் கண்ட பிரெஞ்சுக்காரர்கள் சிறு ஊற்று என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். ஊற்று என்றவன் அதற்குக் கீழே ஓடும் குருதியைத் தேடினான். பிரமன் என்றவன் தட்சிணையைத் தேடினான்.

'தலையெழுத்து' இருக்கிறதே, அதுவும் இந்த ஓட்டின்மீதுதான் எழுதப்பட்டிருப்பதாகக் கதை. மண்டையோட்டு எலும்புகள் பொருந்தும் இடத்திலே, தையல் போட்டாற்போல வளைந்து நெளிந்து கோடுகள் தெரியும். அவற்றைக் காட்டி, இதோ நான்முகன் கையெழுத்து என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், மேனாட்டாரும் அங்கே ஓர் எழுத்தைக் கண்டார்கள்! பின்தலையில் இருபுறமும் சாய்ந்திறங்கும் தையல், கிரேக்கரின் 'லாம்டா' எழுத்தைப் போலிருப்பதால் அதற்கு லாம்டா வடிவத் தையல் என்றே பெயர். எழுத்தைக் கண்ட கிரேக்கமரபினர் அதன் வடிவத்தைச் சொன்னார்கள். நம் புராணிகர்கள் அதன் வாசகத்தையே படித்துவிட்டார்கள். அந்த வாசகத்தைத்தான் சேலைக் கூலிக்கு விற்றார் தெருமுனைச் சோதிடர்.

இல்லாத துளையைக் கண்டதாகச் சொல்லும் நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் நூற்றாண்டிலே வாழ்ந்த காலன் என்னும் பெருமருத்துவர், குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து, மனித உடலுக்கு நூல் எழுதினார். இதயத்தின் வலப்புறக் கீழறைக்கும் இடப்புறக் கீழறைக்கும் நடுச்சுவரிலே கண்ணுக்குப் புலனாகாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே குருதி கசிகிறது என்றார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் அது வேதவாக்கு! பதின்மூன்றாம் நூற்றாண்டிலே கெய்ரோ நகரில் இப்னு நபீசு அந்தச் சுவர் கெட்டியானது, துளை கிடையாது என்று எழுதினார். ஐரோப்பாவின் காதில் அது பரவலாக விழவில்லை. 1543இல் வெசாலியசு மனித உடலைத் தம் கையாலேயே அறுத்து நூல் வெளியிட்டபோது, காலன் சொன்னதை நேருக்கு நேர் மறுக்க அவருக்கே தயக்கம்; கெட்டிச் சுவரின் வழியே குருதி கசிய வைத்த படைப்பின் திறத்தை என்னென்பது என்று வியந்து நழுவினார். 1555ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் ஐயத்தை வெளிப்படையாகச் சொன்னார். 1628இல் ஆர்வி குருதியின் சுற்றோட்டத்தை நிறுவியதும், இல்லாத துளைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அங்கே பெரியோர் வாக்கும் கத்திமுனையிலே சோதிக்கப்பட்டது. பின்னும் ஒன்று செய்தார்கள். துளைகளைக் கண்டவர்களின் பெயரையே துளைகளுக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது: மூளைக்குள்ளே மன்றோவின் துளை, வயிற்றுக்குள்ளே வின்சுலோவின் துளை என்று. பாரிசுப் பட்டியல் அத்தகைய பெயர்களை நீக்கிவிட்டது. உள்ள துளையைக் கண்டவனுக்கே அங்கு உரிமைப் பட்டயம் இல்லை. இங்கோ, இல்லாத துளைக்கு இன்றும் பிரமன் பட்டாதாரர்!

இருக்கும் துளையை உற்றுப் பார்த்தவர்களுக்கு அது என்னென்ன சொல்லிற்று என்பதையும் கேளுங்கள். 1764இல் தோபாந்தோன் என்னும் பிரெஞ்சு அறிஞர், மனிதன் மண்டையோட்டிலும் விலங்குகளின் மண்டையோட்டிலும் இந்தப் பெரிய துளை எந்த இடத்தில் அமைந்திருக்கிறது என்று ஒப்பிட்டு எழுதினார். நாலுகாலில் நடக்கும் விலங்குக்குத் தலை முன்னே தொங்குகிறது, துளை பின்புறம். நிமிர்ந்து நடக்கும் மனிதனுக்குத் தலை தூணின்மேல் வைத்த குடம்போல நிற்கிறது, துளை அடியிலே. 1924இல் தென்னாப்பிரிக்காவின் தாங் என்னுமிடத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டியபோது ஒரு குட்டியின் மண்டையோடு கிடைத்தது. முகம் குரங்கை ஒத்திருந்தது, மூளை சிறிது. இரேமண்டு டார்ட்டு என்ற இளம் பேராசிரியர் அந்தத் துளை இருக்கும் இடத்தைப் பார்த்தார். முன்னே தள்ளி, அடியில் இருந்தது. இது நிமிர்ந்து நடந்த உயிர் என்று 1925இல் எழுதினார். இலண்டன் பெரியவர்கள் எள்ளினார்கள். அவர்கள் கையில் 1912இல் 'கண்டெடுத்த' பில்ட்டவுன் மண்டையோடு இருந்தது. பெரிய மூளை, இங்கிலாந்து மண்! அது மனித ஓட்டையும் குரங்கின் தாடையையும் பொருத்திச் செய்த மோசடி என்பது 1953இல் அம்பலமாயிற்று. ஆப்பிரிக்கக் குட்டியின் துளை சொன்னதே உண்மையாய் நின்றது. எள்ளியவர்களில் ஒருவரான ஆர்தர் கீத்து, டார்ட்டு சொன்னதே சரி, தாம் பிழைபட்டோம் என்று 1947இலேயே எழுத்தில் ஒப்புக்கொண்டார். நம் மடாதிபதிகள் எவரேனும் அப்படி ஒரு வரி எழுதியதாக நாம் கண்டதில்லை.

முகத்தில் பிறந்தவன் என்றும் தோளில் பிறந்தவன் என்றும் தொடையில் பிறந்தவன் என்றும் காலில் பிறந்தவன் என்றும் நால்வகை சொன்னார்களே, அந்த நால்வருடைய மண்டையோட்டையும் கவிழ்த்து வைத்துப் பெரிய துளையைக் காட்டி, எது எவருடையது என்று கேளுங்கள். கேட்டால் விடை வராது; விடை வராத கேள்வி கேட்கப்படக் கூடாது என்பதற்காகவே, துளைக்குத் துளை என்று சொல்லாமல் ரந்திரம் என்றார்கள் என்றுதான் நாம் எண்ணுகிறோம். விளங்காத சொல்லுக்கு முன்னே மனிதன் கைகட்டி நிற்பான். விளங்கினால் கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பான்.

மறுநாள் மாலை பெரியவர் வந்தார். பேத்தியும் கூட வந்தாள். அவளுடைய முதுகைத் தொட்டு, முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருப்பதைக் காட்டினோம். இரண்டிரண்டு எலும்புக்கு நடுவே பக்கத்துக்கு ஒன்றாய்த் துளை இருக்கிறது. உள்ளே போகும் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. பெரும்பாலும் இந்தத் துளைகளின் வழியே வெளியேறுகின்றன. அகவை ஏற ஏற நடுவிலுள்ள மெத்தை தேய்ந்து தாழ்கிறது; ஓரத்தில் எலும்பு மிகையாய் வளர்கிறது; துளை குறுகுகிறது; நரம்பு நெருக்குண்கிறது. கீழ் இடுப்பில் நெருக்குண்ட நரம்பு கால்வரை செல்வதால் வலியும் கால்வரை ஓடுகிறது. பாவை ஓட்டும்போது ஊடே இழை சிக்கினால் அது எங்கே சிக்கிற்று என்று பின்னோக்கிப் போய்த்தானே பார்ப்பீர்கள் என்றோம். தறிக்காரருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஓட்டை விழலையா, அப்போ?"

"விழவில்லை, ஐயா. ஓட்டை பிறக்கும்போதே உண்டு. அது சற்றுக் குறுகியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் அறுவை வேண்டியதில்லை. உடற்பயிற்சியிலும் மருந்திலும் பலருக்கு வலி தணிகிறது. எது வேண்டும் என்பதை அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பார்த்துச் சொல்வார்."

தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதினோம்: 'இடுப்பின் கீழ் முள்ளெலும்புகளுக்கு நடுவே, நரம்பு வெளிவரும் துளை குறுகியிருக்கிறது.' பேத்தி வாங்கிப் படித்தாள். அவர் மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு தாளை நான்காய் மடித்து மடியில் செருகிக்கொண்டு எழுந்தவர், படியிலே நின்றார்.

"இந்தத் துளை எல்லாருக்கும் உண்டா, தம்பி?"

"எல்லாருக்கும் உண்டு."

"சோசியருக்கும்?"

"அவருக்கும் உண்டு, ஐயா."

"அப்போ நான் நாளைக்கே போய் அந்தப் பணத்தைக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே தெருவில் இறங்கினார்.